இரண்டு லிட்டர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
நூற்றெண்பது சொன்னான், நூற்றிருபதுக்குக் கொடுத்தான்.
யாரோ மலையேறியவரின் பை.
ஜிப்பில் இன்னும் செம்மண் இருந்தது.
உள்ளே, நீலக் குழாயோடு,
தோலுரித்த மீன்போல ஒரு நீர்ப்பை.

எனக்கு ஏற மலை கிடையாது.
பெருங்குடியில் லிஃப்ட் வேலை செய்யாத
நான்கு மாடிகள் உண்டு.

முதல் இரண்டு நாள் முதுகு நனைந்தது.
வியர்வை என்றே நினைத்தேன்.
சித்திரையில் இந்த ஊரில்
யார் முதுகு காய்ந்திருக்கிறது?
மூன்றாம் நாள் ஒரு பார்சல் அட்டை
ஊறிக் கிழிந்தபோதுதான் சந்தேகம்.
சட்டை நுனியை நக்கிப் பார்த்தேன்.
உப்பில்லை.

கசிவைப் பிடிக்கக் காற்றை ஊதி, மூடியைத் திருகி,
வாளித் தண்ணீரில் அமுக்க வேண்டும்.
அந்த ஒரு வாளிக்கு
லாரி வரும்வரை காத்திருந்தேன்.
குமிழி, குழாய் பையைச் சேருமிடத்தில்.
வெடித்த ரப்பர் வளையம்.
துரைப்பாக்கம் பஞ்சர் கடை ஜெயசீலன்
டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி
ஏதோ ஸ்டவ்வின் வளையத்தை மாட்டிவிட்டு
“என்னக்கா இது, குளுக்கோஸ் பாட்டிலா?” என்றார்.
காசு வாங்கவில்லை.
இரண்டு மடக்கு குடித்துப் பார்த்தார்.

அடுத்து நாற்றம்.
முதலில் பிளாஸ்டிக், பிறகு ஈரத்துணி,
அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒன்று.
குழாயை வெளிச்சத்தில் பிடித்தால்
மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்பு.
சமையல் சோடா இரண்டு கரண்டி, வெந்நீர், ஓர் இரவு.
மறுநாள் எலுமிச்சை.
உள்ளே நுழையும் பிரஷ் இல்லை.
நூலில் பஞ்சைக் கட்டி
பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் இழுத்தேன்.
மூன்று முறை கறுத்து வந்தது,
நான்காம் முறை வெளுத்து.

கழுவிவிடலாம். காய வைக்கத்தான் முடியாது.
சுவரும் சுவரும் ஒட்டாமலிருக்க
உள்ளே குழம்புக் கரண்டியைச் செருகி
ஜன்னல் கம்பியில் தலைகீழாய் மாட்டினேன்.
விடிந்து பார்த்தால் அதே ஈரம்.
குழாயில் வராத தண்ணீரெல்லாம்
இந்த ஊரில் காற்றில்தான் நிற்கிறது.

இவ்வளவு பாடும் எதற்கென்றால்,
போன மாசியில் காய்ச்சல்.
ஒன்றுக்குப் போனால் நெருப்பு.
சீட்டை எழுதியபடியே டாக்டரம்மா
“தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்றார்.
குடிப்பதில்லை.
குடித்தால் போக வேண்டும்.
நாளைக்கு நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு கதவு.
சொம்பில் தண்ணீர் நீட்டியவர்கள் உண்டு.
அதற்குமேல் உள்ளே விட்டவர் இல்லை.

முதுகில் இருப்பதற்கும்
அடிவயிற்றில் இருப்பதற்கும்
தமிழில் கிட்டத்தட்ட ஒரே பெயர்.
ஒன்று நிரம்பினால் தெம்பு.
மற்றது நிரம்பினால்
ஒவ்வொரு வேகத்தடையையும்
பல்லைக் கடித்து எண்ணிக் கடப்பது.

அதனால் பை வாங்கியும் கணக்குதான்.
பத்தரைக்கு ஒரு வாய்.
சோழிங்கநல்லூர் சிக்னலில் இன்னொன்று.
பெட்ரோல் பங்க் கழிப்பறையில் பூட்டு இல்லையென்றால்
அரை லிட்டர்.
பூட்டு தொங்கினால்
உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி.
முக்கால் பை தண்ணீர் தினமும்
ராத்திரி கறிவேப்பிலைச் செடிக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை, காரப்பாக்கம்.
கேட்டில் செக்யூரிட்டி திலோத்தமை
தோளில் தொங்கும் குழாயைத் தொட்டு
“இது எதுக்கு?” என்றாள்.
சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல,
பூட்டுகளைப் பற்றி மட்டும்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போய்
இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள்.
“நான் பகல் டியூட்டி. ஞாயிறு மட்டும் இருக்க மாட்டேன்.”

வெளியே வந்து
அந்த வெயிலில் நின்றபடியே
வால்வைக் கடித்து உறிஞ்சினேன்,
கணக்கில்லாமல்,
குழாயில் காற்று கரகரக்கும்வரை.

அன்றைக்கு வெறும் பையோடு வீடு வந்தேன்.
கறிவேப்பிலைக்குக் குடத்திலிருந்து
தனியாக ஒரு சொம்பு.
பையைக் கழுவி, காய வைக்கக்
கரண்டியைத் தேடினால்
குழம்பில் கிடக்கிறது.