இருநூறு அடி

கொக்குவிலில் ஒரு புகையிலைக் கொட்டிலை
மூன்று மாதக் குத்தகைக்கு எடுத்து
ஸ்டூடியோ என்று பலகை தூக்கினார் முதலாளி.
நான் கணக்கு எழுத.

மேக்கப் பசுபதி
சலூனைப் பூட்டிவிட்டுத்தான் வருவார்.
அரசனுக்கும் கள்ளனுக்கும் ஒரே மீசை,
கள்ளனுக்குக் கொஞ்சம் சரித்து.
ஒலிப்பதிவு யேசுரட்ணம்
திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டிய கை,
"மெல்ல" என்றால் விளங்காது.
காகம் கலைக்க நாளுக்கு இரண்டு ரூபா குணசீலனுக்கு.
கூரையில் குந்தியிருந்து
காகத்தைவிடப் பெரிதாய்க் கத்துவான்.

அன்றைக்குச் சாகிற காட்சி.
நேசமலர் கட்டிலில் செத்துக் கிடந்தா.
மத்தியான வெக்கைக்கு
சுவரில் ஊறியிருந்த பழைய காரம் எழும்பி வர,
செத்தவ தும்மினா.
மடியில் விழுந்து அழுதவன் தும்மினான்.
கமராக்காரர் தும்மியதில்
கமராவே ஒருக்கால் குனிந்து நிமிர்ந்தது.

போனது பிலிம், இருநூறு அடி.
எந்தத் தலைப்பில் பதிய என்று கேட்டேன்.
முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு
வெளியே போய்விட்டார்.
நானே யோசித்து
"செத்தவீட்டுச் செலவு" என்று எழுதி
மை காய ஊதினேன்.

ஊதியிருக்கக் கூடாது.
கொப்பியில் இருந்த தூசும் புகையிலைதான்.

எனக்குப் பிறகு
கூரையில் குணசீலன் தும்மினான்.
ஒரு காகம் மிச்சமில்லை,
அவ்வளவும் பறந்தது
அன்றைக்குத்தான்.