எறும்பின் காரம்

ஹைட்ரஜன் சிலிண்டர் வரவில்லை.
காமா ஆற்றுப் பாலத்தில் பனிப்புயல்,
லாரி அக்கரையில்.
ஓட்டுநர் தூக்கக் குரலில் சொன்னார்:
நாளை. இல்லையென்றால் மறுநாள்.

இங்கே அல்மெத்யெவ்ஸ்கில்
கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறேன்.
நிலத்தடியில் நீராவி ஊதி எழுப்பிய எண்ணெய்.
எழுந்தும் விழிக்கவில்லை.
விளிம்புவரை வந்து
யோசிக்கிறது.
நான் தேநீர் குடித்து முடிக்கிறேன்,
இன்னும் யோசிக்கிறது.

கரி மிகுதி இதற்கு, கந்தகம் மிகுதி,
வனேடியம்கூட உண்டு.
இல்லாதது
உலகிலேயே லேசான ஒன்று.

சூடேற்றினால் உடையும். உடைவது எளிது.
உடைந்த முனைகள்தான் சிக்கல்:
அறுபட்ட கை எதையாவது பற்றியே தீரும்.
ஒரு ஹைட்ரஜன் கிடைத்தால் அடங்கும்.
கிடைக்காவிட்டால்
ஒன்றையொன்று பற்றிப் பற்றிப் பற்றி
கலத்தின் அடியில் கல்லாகிவிடும்.
உளியால் சுரண்டியவள் நான்.

போன வாரம்வரை டெட்ராலின் இருந்தது.
இருந்த நான்கு ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு
நாஃப்தலீனாகிப் போனது.
கொடுத்தவனின் நினைவாக
என் மேலங்கியில் இன்னும்
அந்துருண்டை வாசம்.

இரவு பத்துக்கு ஃபென்சில் வந்தான்,
கணவனின் தம்பி, தேனீக்காரன்.
காலணிப் பனியை உதறிவிட்டு
சாக்குத்துணியில் சுற்றிய புட்டியை நீட்டினான்.
கூட்டில் தேனீயைக் கடிக்கும் உண்ணிக்கு
இலையுதிர்காலத்தில் வைத்தது போக மிச்சம்:
ஃபார்மிக் அமிலம்.
மூடி திறந்ததும்
காட்டில் எறும்புப் புற்றைக் காலால் கலைத்த காரம்.

“இதிலா ஹைட்ரஜன்?”
இதிலும்தான்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். சரி.
எத்தனை எறும்பு?
எத்தனை பாகை, எத்தனை மணி நேரம்?
அதைப் பழமொழி சொல்லவில்லை,
நான்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

நிக்கல் உப்பு ஒரு சிட்டிகை.
வினையூக்கி தேயாது என்கிறது பாடப்புத்தகம்.
நான் பார்த்த நிக்கல் எல்லாம்
மூன்றாம் முறையிலேயே கரி அப்பிக் களைத்துவிடும்;
அதற்கும் என்னைப் போல இரவுப்பணி.

முந்நூறு பாகை.
அழுத்தமானியின் முள் ஏறியது, நின்றது,
மறுபடி ஏறியது.
பெஞ்சில் ஃபென்சிலின் குறட்டை.

விடிந்து, கலம் ஆறி, திறந்தால்
அழுகிய முட்டை நாற்றம்.
“தேன் மணக்கும் என்றல்லவா நினைத்தேன்,”
மூக்கைப் பொத்திக்கொண்டான்.
கந்தகம் வீட்டைக் காலி செய்கிற நாற்றம் அது,
எனக்குப் பிடிக்கும்.

குடுவையைக் கவிழ்த்தேன்.
தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டும் முன்பே
மேசையெல்லாம் எண்ணெய்.

அடியில் கரி இல்லாமலில்லை.
பதினொரு கிராம்.
போன தடவை முப்பது.

குறிப்பேட்டில் “ஹைட்ரஜன் மூலம்” என்ற கட்டத்தில்
தேனீப்பெட்டி என்று எழுதி,
அடித்து,
மறுபடி எழுதினேன்.

மேசை துடைத்துக்கொண்டிருக்கையில்
சிலிண்டர் லாரியின் ஹாரன்.
ஃபென்சில் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து
மிச்சத்தை அளந்து பார்க்கிறான்:
“ஆகஸ்டுக்கு இது போதாதே, மின்ஸிலா.”