மூன்று சுழி

பெரியாஸ்பத்திரி, வெளிநோயாளர் பிரிவு, ஐந்தாம் அறை.
எனக்குச் சம்பளம் தருவது
இரண்டு வாய்களுக்கு நடுவில் இருப்பதற்கு.
இன்றைக்கு நான் பிந்திவிட்டேன்,
பண்ணைப் பாலத்தடியில் பஸ் ரயருக்குக் காற்றுப் போய்.

அதற்குள் எண்பத்தேழாம் நம்பர்,
குருநகர் சவிரிமுத்தர்,
வந்து கதிரையில் இருந்து சொல்லிவிட்டார்: "கண்."
ஒரேயொரு சொல். விரல் நீட்டவில்லை.
மாத்தறையிலிருந்து வந்து மூன்று வாரமான
டொக்டர் ஹன்சனி எழும்பி
ரோச் லைற்றை அவர் காதுக்குள்
அடித்துக்கொண்டு நின்றா.

கன் என்றால் அவ மொழியில் காதுகள்.
மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும்
அவ நாக்கில் ஒரே சுழி.
வடக்கே கர்ணம் என்று பிறந்து
பாளி ஏடுகளில் ரகரத்தைத் தொலைத்துவிட்டு
தெற்கே வந்து இறங்கிய சொல்.
எங்களுடையது வந்த வழியை
ஒருவரும் கண்டதில்லை.
கண்டதில்லை என்கிறேன்,
அதற்குள்ளும் அதுதான் இருக்கிறது.

சவிரிமுத்தர் ஆடவில்லை.
வலையில் என்ன ஏறுகிறது என்று
இழுத்து முடியுமட்டும் பொறுக்கிற ஆள்.

நான் திருத்தினேன். அவ நாக்கைக் கடித்து
கொப்பியில் எழுதிக்கொண்டா.
அந்தக் கொப்பியின் முதல் பக்கம் எனக்குத் தெரியும்:
கன்ன என்றால் சாப்பிட.
வார்ட்டில் முதல் நாள் "கன்ன, கன்ன" என்று
அவ சோற்றுக் கோப்பையை நீட்ட
மானிப்பாய்ப் பெண்ணொருத்தி
தன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாளாம்.
கணா என்று வால் நீண்டால் குருடு.
அதற்கு இன்னும் பக்கம் வரவில்லை.

நேற்று வீடியோவில், பேர்கனில்,
தங்கச்சியின் மகன் சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டினான்.
தாய் குனிய, கையைத் தட்டிவிட்டுக் கத்தினான்: "யேய் கன்!"
பிள்ளைக்குக் கண்ணிலை என்னடி என்று நான் பதற
அவள் சிரித்தாள்.
கன் என்றால் முடியும், அக்கா.
எனக்கு ஏலும் என்கிறான்.
முடிச்சு விழவில்லை. ஆனாலும் அவனுக்கு ஏலும்.

டொக்டர் இப்போது கண்ணைப் பார்த்தா.
இரண்டிலும் மங்கல்.
பார்த்து முடித்தவ, ரோச்சை அணைக்காமல்
மெல்ல என்னிடம் சொன்னா:
கன் பெரய கிழிந்திருக்கிறது, இடப்பக்கம். பழைய கிழிசல்.
கன் பெரய: காதின் பறை.
நாங்களும் அதைச் செவிப்பறை என்றுதான் சொல்கிறோம்.
பழந்தமிழில் பறைக்கு
அடி விழுகிற முகத்தின் பெயர்
கண்.

எனக்கு ஒரு கணம் வாய் எழவில்லை.
பிறகு அவரிடம் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, இறங்குதுறையிலை ஷெல் விழேக்கை போனது.
மற்றதும் அரைவாசிதான்.
காத்து எழும்புறதை, ஆள் கூப்பிடுறதை,
எஞ்சின் இருமுறதை, எல்லாத்தையும்
இத்தனை வருசமும் இதாலைதான் கேட்டனான்."
விரலை அப்போதுதான் தூக்கினார்.
தொட்டது கண்ணை.
"இப்ப இதுவும் கேக்குதில்லை."

டொக்டர் என்னைப் பார்த்தபடி நின்றா.
இதை எப்படிச் சொல்வது?
எட்டு வருசம் இந்த நடுக்கதிரையில் இருந்தவள்,
இரண்டு சுழியா மூன்று சுழியா என்று
எனக்கே தெரியாமல்
"கன்" என்று மட்டும் சொன்னேன்.
அவ தலையை ஆட்டினா.
என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதி,
மூக்கில் இரண்டு விரலை வைத்துக் காட்டி
அவரிடமே நேராகச் சொன்னா: "கண்ணாடி."
எங்களிடம் வாங்கி, இன்னும் திருப்பித் தராத சொல்.
சவிரிமுத்தருக்கு அது விளங்கியது.
எழும்பும்போது காதுமடலைத் தடவிக்கொண்டார்,
அதன் கால்கள் வந்து குந்தப்போகிற இடத்தை.

எண்பத்தெட்டு.