சிறுபோகக் கணக்கு

காலமை ஐந்தே முக்கால்.
நான் எழும்பி அரை மணித்தியாலம்.
கைகள் இன்னும் எழும்பவில்லை.

சுடுதண்ணிச் சட்டிக்குள் விரல்களை விட்டுப்
பத்து நிமிடம் சும்மா இருக்கிறேன்.
சும்மா இருப்பதும் இப்போது அட்டவணையில் இருக்கிறது,
மதுராங்கி போட்டுத் தந்த அட்டவணை,
அந்தப் பெட்டிக்கு மட்டும் மஞ்சள் பென்சில்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி,
எக்ஸ்றேக்கு அடுத்த அறை.
எங்கே நோகிறது என்று கேட்பாள் என நினைத்து
மணிக்கட்டு, விரல்மொழி, பெருவிரல் அடி என்று
பதிலை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.
மட்டக்களப்புப் பிள்ளை. இழுத்துத்தான் கதைக்கும்.
"காலமை எழும்பினா முதல் என்ன செய்வீங்க?
பிறகு?
அதுக்குப் பிறகு?"

அதுக்குப் பிறகு தேங்காய் திருவுவேன்.
அதுக்குப் பிறகு மகனின் சட்டைத் தெறி.
பால்மா ரின் மூடி.
கிணற்றடி வாளி.
சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது.
ஏழே முக்கால் பஸ்ஸுக்கு முன்னம் முப்பத்தொரு வேலை.
ஒருவரும் இதை எண்ணியதில்லை,
நான் உட்பட.

எண்ணுவதுதான் என் உத்தியோகம்.
கமநல சேவை நிலையத்தில் பதினான்கு வருடம்.
சிறுபோகக் கூட்டத்தில் மூலையில் இருந்து குறிப்பெடுப்பவள்.
குளத்தில் இத்தனை அடி,
ஆகவே இத்தனை ஏக்கர்,
மிச்சம் தரிசு.
சத்தம் போடுவார்கள். கதிரை விழும்.
குலவீரசிங்கம் அண்ணை கோபித்துக்கொண்டு வெளியே போய்
தேத்தண்ணி வரத் திரும்பி வருவார்.
கடைசியில் எல்லாரும் கையெழுத்து வைப்பார்கள்.
கத்தினால் குளம் நிரம்பாது என்று
கத்துகிறவர்களுக்கும் தெரியும்.

எனக்குத்தான் தெரியவில்லை.
அடிமட்டம் பாராமல்
துருசைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.
மச்சாளின் கலியாணப் பலகாரத்துக்கு
"ஆர் சொன்னது உனக்கு வாதம் எண்டு" என்றார்கள்.
அந்த ஒரு சொல்லுக்காக
இன்னும் நாலு உரல் முறுக்குப் பிழிந்தேன்.
பிறகு ஐந்து நாள் தலைமயிர் கட்ட ஏலவில்லை.
தொங்கல் காணி
வெடித்துக் கிடந்தது.

"வேலையை விடச் சொல்லல்ல அக்கா,
முறை வைக்கச் சொல்றன்."
முறை.
அந்தச் சொல்லை நான் ஒரு நாளைக்கு
நாற்பது கமக்காரருக்குச் சொல்லுகிறேன்.

பரந்தன் சந்தியில் ரியூப் ஒட்டுகிற கடைக்குப் போனேன்.
பழைய ரியூப் இருக்குமோ?
"என்ன சைக்கிளுக்கு?"
கைக்கு, என்றேன்.
ஒரு கணம் பார்த்தான், காசு வேண்டாமல் வெட்டித் தந்தான்.
இப்போது பேனையில் ரியூப்,
அகப்பையில் ரியூப்,
பல்விளக்கும் பிரஷிலும் அதே கறுப்பு.
கைப்பை முழங்கையில் தொங்குகிறது.
வெங்காயம் வெட்ட ஸ்ரூல்.
"இருந்து சமைக்கிற மகாராணி" என்று ஒருத்தி சொன்னாள்.
சொல்லட்டும். இறால் குழம்புக்கு
அவளும் கோப்பை நீட்டினாள்.

இதெல்லாம் இலேசு.
கஷ்டம் மூன்று சொல்:
"இதைத் திறந்து தாங்கோ."
விரல் நீட்டும் பயிற்சியைப் போல
இதையும் தினம் மூன்று தரம் செய்யச் சொன்னாள்.
முதல் கிழமை ஒரு தரமும் செய்யவில்லை.
ரின்னோடு கொல்லைப்பக்கம் போய்ப்
பல்லால் கடித்துத் திறந்தேன்.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

இன்றைக்குப் பத்து மணிக்குக் கூட்டம்.
பக்கம் பக்கமாய் எழுத வேணும்.
கையில் இருக்கிற தண்ணி
அந்த வாய்க்காலுக்குத்தான்.
ஆகவே தேங்காய்ப் பாதியை
வசீகரனிடம் நீட்டினேன்.
மனுசன் ஒருமுறை தேங்காயைப் பார்த்தார்,
ஒருமுறை என் விரலைப் பார்த்தார்,
திருவலையில் குந்தினார்.

சம்பல் மண்ணிறம்.
சிரட்டை மட்டும் சுரண்டியிருக்கிறார்,
பல்லில் நறநறக்கிறது.
ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறேன்.
குறை சொல்லவும்
கொஞ்சம் தண்ணி வேணும்.