சுண்டுவிரல்: வரவில்லை

மன்னார்குடி அரசு மருத்துவமனை, சின்ன அறுவை அரங்கு.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
வைரக்கண்ணு, ஐம்பத்து மூன்று, பொதுப்பணித்துறை லஸ்கர்.
பாமணியாற்றில் ஷட்டர் ஏற்றும்போது
கைப்பிடி எதிர்ச்சுற்றில் திரும்பி அடித்து
வலது புறங்கையில் இரண்டு எலும்பு முறிவு.

முழு மயக்கம் வேண்டாம், கை மட்டும் தூங்கட்டும் என்றேன்.
'நான் முழிச்சிருக்கலாமா?'
இருக்கலாம்.
'அப்ப சரி. ராத்திரி முறை பாத்துப் பழக்கம்.'

காறையெலும்புக்கு மேலே ஜெல் தடவிப் புரோபை வைத்தேன்.
சாம்பல் திரையில் தமனி துடித்தது,
அதை ஒட்டிக் கொத்தாகக் கரும்புள்ளிகள்.
தலையைத் திருப்பி எட்டிப் பார்த்தார்.
'அது வாய்க்காலா?'
நரம்பு.
'தண்ணி ஓடுமா?'
ஓடாது.
பதினேழு வருடமாக இதே வேலை.
பிறகு என்னதான் ஓடுகிறது என்று
ஒரு வரியில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

ஊசி வெள்ளைக் கோடாக நெருங்கியது.
இருபது மில்லி. புள்ளிகள் விலகி மிதந்தன.
தோளில் ஐஸ் வைத்தேன்: 'ஈரமா இருக்கு, குளிரல.'
முழங்கை. மணிக்கட்டு.
கடைசியாகச் சுண்டுவிரல்.
'அப்ப அதுதான் கடைமடை' என்றார்,
ஊர்ப்பெயரைத் தெரிந்துகொண்டவர் போல.

திரைத்துணிக்கு அந்தப்புறம் இன்னாசி சார் டிரில்லை இயக்க,
இந்தப்புறம் எனக்கு முறைப்பாசனப் பாடம்,
தன் எலும்பில் துளை விழும் சத்தத்துக்கு மேலே
குரலை உயர்த்தி.

என் ஆய்வு சின்னது.
மரத்த கை எப்போது திரும்புகிறது,
வலி அதோடு வருகிறதா, பின்னால் வருகிறதா.
அறுபத்திரண்டு பேர். எட்டுப் பேர் பாதியில் இல்லை:
நடவு, கடைசி பஸ், சார்ஜ் போன போன்.
மற்றவர்கள் 'காலைல பாத்தேன், வந்துட்டு' என்பார்கள்.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றால்
'மாடு முட்டுனாப்புல' என்றார் ஒரு அம்மா.
படிவத்தில் மாட்டுக்குக் கட்டமில்லை.

வைரக்கண்ணு வேறு ஆள்.
இருபத்தாறு வருடம் மணிக்கொரு தரம்
அளவுகோல் பார்த்து எழுதியவர்.
எக்ஸ்ரே கவரின் முதுகில், இடது கையால், கோணலாக:

இரவு 11.40 தோள் தூக்க வருது.
1.15 முழங்கை.
2.05 கட்டைவிரல். வலி ஒரே நேரத்தில். கரை புரளுது.
2.50 ஆள்காட்டி, நடு.
4.00 மோதிரம், பாதி.
சுண்டுவிரல்: வரவில்லை.
6.00 வரவில்லை.
8.00 வரவில்லை.

வார்டில் நின்றபடி படித்தேன்.
கடைசி மூன்று மில்லியில் அழுத்தம் கூடியதா?
என் கட்டைவிரலுக்கு ஞாபகமில்லை.
குண்டூசியால் குத்தினேன்.
'தொட்டுட்டீங்களா?' என்றார்.
ஆயிரத்தில் எத்தனை பேருக்கு என்று எனக்கு மனப்பாடம்.
அந்தக் கையில் இருப்பது ஒரே ஒரு சுண்டுவிரல்.

மறைக்காமல் சொன்னேன்:
நரம்பில் பட்டிருக்கலாம், வாரமாகலாம், மாதமாகலாம்.
கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.
'எழுதிக்கிட்டே இருக்கவா?' என்றார்.

மறுநாள் பின்னிரவு மூன்றேகால். போன்.
'டாக்டரம்மா, லஸ்கர் பேசுறேன். வந்துட்டு.'
எப்படி இருக்கு?
'எரியுது. தாங்க முடியல.'
இருட்டில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.
உடனே மன்னிப்புக் கேட்டேன்,
நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரை கொடுக்கச் சொன்னேன்,
பிறகு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

திருச்சியில் கணக்குப் பார்க்கும் ரெபேக்கா கேட்டாள்:
நாற்பத்தொன்றே கால் மணிநேரம் தனியாகத் தொங்குகிறது,
எடுத்துவிடலாமா, சராசரி அழகாக வரும்.
எடுக்காதே என்றேன்.
காரணம் எழுதச் சொன்னாள். இன்னும் எழுதவில்லை.

தையல் பிரிக்க வந்த அன்று கவரைத் திருப்பிக் கேட்டார்.
எக்ஸ்ரே அதற்குள்தான் இருந்ததாம்.
ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.
வலது கையை நீட்டி வாங்கினார்.