நாற்பது வெள்ளி

தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தாறு வருடம்.
ஆறு இலக்க எண்கள் நானூறாவது
விரல் நுனியில் வைத்திருந்தேன்.
துறைமுகக் கிடங்கு, ஆஸ்பத்திரிப் பிணவறை,
ஹை ஸ்திரீட்டில் துணி விற்ற சிந்திக்காரர்.
குரல் கேட்டதும் கம்பியைச் சொருகிவிடுவேன்.

போன ஜூனில் ஒரு நாள்
குளிர்பெட்டியைத் திறந்து அதன் வெளிச்சத்தில் நின்றேன்.
என்ன எடுக்க வந்தேன்?
மூடச் சொல்லி அது கீ கீ என்று கத்தும்வரை நின்றேன்.

அப்புறம் பாதம் மரத்தது.
பிடோக் சந்தைவரை ஒற்றைச் செருப்போடு
போய்ச் சேர்ந்திருக்கிறேன்.
வயசு, என்றாள் மேடம் சிம்.
எதிர் வீடு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.
தினமும் இரண்டு முட்டை தின்கிறவள்.

சின்ன நோட்டு ஒன்று வாங்கினேன்.
அடுப்பை அணைத்தேன், 7.40.
தங்கை பேசினாள், வீட்டை விற்பது பற்றி.
யாரும் பார்க்காமல் அரிசி டின்னுக்குள் வைத்தேன்.
வைத்த இடத்தை எழுத இன்னொரு காகிதம்.

பாலிகிளினிக்கில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
பிறகு வெறும் சுவர்.
தாதி ஹஸ்லினா பேனாவைக் கீழே வைத்து
"பரவாயில்லை ஆன்ட்டி" என்றாள்.
அந்தப் பரவாயில்லைதான் வயிற்றைக் கலக்கியது.

டாக்டர் குவெக் ரத்தம் எடுக்கச் சொன்னார்.
சர்க்கரைக்கு என்ன மாத்திரை, எத்தனை வருடம்?
மெட்ஃபார்மின். பதினான்கு.
சாப்பாடு?
சைவம். காலையில் கோப்பி ஓ, பிஸ்கட்.
மத்தியானம் சோறு, கங்கோங்.
இரவில் பசிக்காது.
அடுத்த வாரம் திரையைத் திருப்பிக் காட்டினார்:
பி பன்னிரண்டு, மிகக் குறைவு.
எண்களை வைத்துப் பிழைத்தவளுக்கு
எண் போட்ட ஒரு சத்து தீர்ந்துபோயிருக்கிறது.
சிரிப்பு வந்தது. அழுகையும், கொஞ்சம்.

"எல்லாம் திரும்பும் என்று சொல்ல மாட்டேன்" என்றார்.
ஊசி மருந்து சிவப்பு. பந்தோங்கில் பால் ஊற்றும் முன்
இருக்குமே, அந்தச் சிவப்பு.

மூன்றாம் மாதம், தூக்கம் வராத இரவில்
கிடங்கின் எண் தானாக வந்தது.
பின்னாலேயே சிந்திக்காரர், பிணவறை, வரிசையாக.
முன்னால் ஒரு ஆறு சேர்த்தாலும்
இன்று யாரும் எடுக்காத எண்கள்.
மணியடிக்க விட்டுத் தூங்கினேன்.

விடிந்ததும் இன்னொன்று:
ஃபோர் டி எழுத மேடம் சிம் வாங்கிய நாற்பது வெள்ளி!
கதவைத் தட்டினேன்,
நிமிர்ந்த முதுகோடு,
வட்டி வேண்டாம் என்னும் பெருந்தன்மையோடு.
"ஆகஸ்டில் கொடுத்தேனே," எங்கள் உடைந்த மலாயில்,
"உன் கையில்."
எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்றேன்.
அவள் வாதாடவில்லை. அதுதான் எரிச்சல்.

அரிசி டின். நோட்டு.
தேசிய தினத்தன்று, என் கையெழுத்தேதான், கொஞ்சம் கோணல்:
சிம் 40 கொடுத்தாள். ஆரஞ்சும் கொடுத்தாள்.

ஆரஞ்சா?
தோல் உரித்த வாசனை இல்லை.
கொட்டை துப்பியது இல்லை.
எவ்வளவு நேரம் காதைக் கொடுத்தாலும்
அந்த அழைப்பு என் பலகைக்கு வரவே இல்லை.

முட்டை இரண்டை அவித்து எடுத்துக்கொண்டு
எதிர் வீட்டுக்குப் போனேன்.
அவள் ஒன்றை உரித்து என் பக்கம் தள்ளினாள்.
உப்பு இல்லை.
இருவரும் எழுந்து போகவில்லை.