காரணம் எழுதும் கட்டம்

பன்னிரண்டு பேர். இன்றைக்கு அனுமதி அவ்வளவுதான்.
கிராண்ட் ரிவியேரின் கடைசி விளக்குக் கம்பத்தடியில்
நிறுத்தி எண்ணிக்கொண்டேன்.
வெள்ளைச் சட்டைக்காரருக்கு என் கறுப்பு மழைக்கோட்டைக் கொடுத்தேன்.
கைபேசியை அணையுங்கள் என்றேன்.
பைக்குள்தானே இருக்கிறது என்றார் ஒருவர்.
பைக்குள்ளும்தான் என்றேன்.

பிறகு இருட்டு.
கண் பழகக் கால்மணி நேரம் ஆகும்,
வாய் பழக இன்னும் கொஞ்சம்.
கடல் எங்கே முடிந்து மணல் எங்கே தொடங்குகிறதென்று
காலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
ஆறு போன வாரம் வாயை மாற்றிக்கொண்டதில்
கரையில் பாதியைக் காணோம்.
அடித்துவந்த மரத்தண்டில் வரிசையாக உட்கார்ந்தோம்.
மணல் ஈக்களுக்கு விருந்து.

டெலானோ முன்னால் போயிருந்தான்,
விரலால் மூடிய சிவப்பு விளக்கோடு.
இரண்டு சிமிட்டு: முட்டையிடத் தொடங்கிவிட்டாள், வரலாம்.
ஒரு நீளச் சிமிட்டு: அசையாதே.

நீளச் சிமிட்டு வந்தது.

கவிழ்த்துப்போட்ட தோணி ஒன்று
ஆளில்லாமல் கரையேறுவதைப் பார்த்ததுண்டா?
முதுகில் ஏழு வரி.
ஒரு இழுப்பு. நிறுத்தம். மூச்சு,
நாலு மாடி ஏறிவந்த பருத்த மனிதரின் மூச்சு.
மறுபடி ஒரு இழுப்பு.
தண்ணீரில் எடையே இல்லாதவள்
இங்கே தன்னைத்தானே சுமக்கிறாள்.

யாரும் பேசவில்லை. சத்தியமாக யாரும் பேசவில்லை.
ஜவோன் மட்டும் எழுந்தான், ஆறு வயது,
முன்னால் இருந்த தலை மறைத்ததால்.
ஒரே ஒரு அடி வைத்தான்.

குதிகாலில் நீலம்.
பச்சை.
நீலம்.

பிறந்தநாளுக்கு வாங்கிய காலணி.
எல்லாம் சோதித்தேன்: கேமரா, பேனா விளக்கு,
கடிகாரத்தின் முகம், சிகரெட் பெட்டி.
கால்களைப் பார்க்கவில்லை.

அவள் நின்றாள். தலையைத் தாழ்த்தினாள்.
அவசரமே இல்லாமல் திரும்பினாள்,
வாசல்வரை வந்து
தவறான வீடென்று புரிந்துகொண்டவர் மாதிரி.
அலை அவள் மேல் ஏறியது. பிறகு அலை மட்டும்.

அப்பா பையனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.
அவன் அழுதான், சத்தம் வராமல்.
அன்றிரவு விதிகளை முழுதாகக் கடைப்பிடித்தவன் அவன்தான்.
மழைக்கோட்டுக்காரர் கட்டணம் திரும்புமா என்று கேட்டார்.
ஆமை என்னிடம் சம்பளம் வாங்குவதில்லை என்றேன்,
கொஞ்சம் கடுமையாகத்தான்.

ஜவோன் கேட்டான்: திரும்ப வருவாளா?
இன்றைக்கே வரலாம். நாளைக்கு வரலாம்.
வேறு கரைக்குப் போகலாம்.
எனக்குத் தெரியாது, கண்ணா.
காலணியைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு
வெறுங்காலோடு நடந்தான்,
அவளுடைய தடத்தை மிதிக்காமல் சுற்றி.
பிறை வடிவில் கிடந்தது அது,
வந்ததும் போனதும் ஒரே வளைவில்.

நோட்டில் எழுதினேன்.
மணி: பதினொன்று நாற்பது.
நீளம்: காலி. முட்டை: காலி.
காரணம் என்ற கட்டத்தில்
டெலானோ போன வருடமெல்லாம் நாய் என்று எழுதியிருந்தான்,
விடுதி விளக்கு என்று, இரண்டு முறை இடி என்று.
நான் 'சிறுவன்' என்று தொடங்கி, அடித்துவிட்டு
என் பெயரை எழுதினேன்:
அலீஷியா பப்ளோ, வழிகாட்டி.

அவர்களை விடுதியில் விட்டுத் திரும்பியபோது மணி இரண்டு.
மேற்குக் கோடியில் இரண்டு சிமிட்டு.
ஓடவில்லை. இந்தக் கரையில் ஓடக் கூடாது.
அதே ஆமையா என்று கேட்காதீர்கள்.
இருட்டில் முகம் பார்த்தா வைத்திருந்தேன்?

பின்துடுப்பு கையைப்போல மடிந்து
குழிக்குள் இறங்கி, ஒரு பிடி மணலை அள்ளி,
சிந்தாமல் வெளியே வைத்தது.
பிறகு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக விழத் தொடங்கின.
டெலானோ முணுமுணுத்து எண்ணினான்.
நான் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டுக் கேட்டேன்,
ஈரத்தின் மேல் ஈரம் விழும் சத்தத்தை.

எண்பத்து மூன்று. கருவில்லாத சிறியவை இருபத்தொன்று.
மூடும்போது அவள் வீசிய மணல்
நோட்டிலும் என் வாயிலும்.
துப்பிவிட்டு எழுதினேன்.
விடியுமுன் ஆற்றங்கரைவரை இன்னும் போக வேண்டும்.
பென்சில் முனை மழுங்கிவிட்டது.
நாளைக்குப் பலகையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்:
காலணி.